தஞ்சாவூர் பார்க்க வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு காலையில் பெரிய கோயிலில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம். கூட்டி வந்த இளைஞர் கருவறைக்கு மேலே எழும் கோபுரமான விமானத்தின் உச்சியைக் காட்டி, "இதோட நிழல் தரையில விழவே விழாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டு பேர் புத்தகப் பையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். பையின் ஜிப் உரசிய இடத்தில் ஆயிரம் வருடத்துக்கு முன் வெட்டிய எழுத்துகள்.

பதினைந்து வருடமாக வெளியூர்க்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன். அந்த இளைஞர் செய்ததையெல்லாம் நானும் செய்திருக்கிறேன். தொப்பி, தண்ணீர், மதியம் நடை சாத்துவது பற்றி யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். மற்றதைச் சொல்கிறேன்.

நிழல் கதையில் நேரத்தைத் தொலைப்பது

ஆரம்பத்தில் ஒரு குழுவுக்கு நானும் நிழல் கதை சொன்னேன். அதில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். அப்போது எதுவும் பேசவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்குக் கோயிலுக்கு வரச் சொல்லி, விமானத்துக்குப் பின்னால், மேற்குப் பக்கம் கூட்டிப் போனார். "தம்பி, காலடியில என்ன?" என்றார். நாங்கள் நின்றது விமானத்தின் நிழலில். பின் சுற்று முழுக்க அது நீண்டு கிடந்தது. சித்திரையில் சூரியன் உச்சிக்கு வரும்போது நிழல் விமானத்தின் மேலேயே அடங்கிவிடும். மார்கழியில் நண்பகலில்கூட வடக்கே தரையில் கிடக்கும். சுமார் 216 அடி உயரக் கட்டடத்துக்கு நிழல் இல்லாமல் எங்கே போகும்?

பொய் சொன்னதோடு போயிருந்தால் பரவாயில்லை. முந்தின நாள் வந்தவர்கள் ஒன்றரை மணி நேரமும் மேலேயே பார்த்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்கள். கண் மட்டத்தில் இருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. அவர்கள் திரும்ப வரப்போவதில்லை. இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி வாருங்கள், வரி வரியாகக் கல்வெட்டு. "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டச் சொல்லி இராசராசன் இட்ட ஆணை அதில் இருக்கிறது. அக்கன் என்றால் குந்தவை. தன் கொடைக்கு அடுத்தபடியாக அக்காவின் கொடை, அப்புறம்தான் மனைவியர். இந்த வரிசையைக் கவனித்தீர்களா? கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் பெயரும் இங்கே உண்டு: குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன். ஆடல் மகளிர் 400 பேரை எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு என்று பெயரோடு எழுதி, ஆளுக்கு ஒரு பங்காக வருடத்துக்கு 100 கலம் நெல் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். எல்லாம் நம் மொழியில்.

படிக்கத் தெரியாதே என்பார்கள். காலை வெயில் சாய்வாக விழும் பக்கத்தில் நில்லுங்கள், வெட்டிய கோட்டில் நிழல் தங்கி எழுத்து எடுத்துக் காட்டும். முதலில் ட, ப, ம மூன்றையும் தேடுங்கள். இன்றைய வடிவத்துக்குக் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரு ஆறாம் வகுப்புப் பெண் கால் மணி நேரத்தில் ஒரு சொல்லைக் கூட்டிப் படித்து அம்மாவைக் கூப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். கையால் தடவ வேண்டாம், சாயவும் வேண்டாம்.

எல்லாவற்றையும் இராசராசன் கணக்கில் எழுதுவது

கோயில் முடிந்தது 1010-இல். ஆனால் பெரிய நந்தியும் சுப்பிரமணியர் சன்னதியும் நாயக்கர் காலத்தவை. அம்மன் சன்னதி பாண்டியர் காலத்தது. 1803-இல் வெட்டிய மராத்திக் கல்வெட்டும் இருக்கிறது, தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர்களான போன்சலே பரம்பரையின் வரலாறு அது. யார் யார் வந்து எதைச் சேர்த்தார்கள் என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்த ஊர் புரியும்.

ஒரே நாளில் கங்கைகொண்ட சோழபுரமும்

வேண்டாம். அதற்குத் தனி நாள்.

சரசுவதி மகால் நூலகத்தில் சுவடியைப் புரட்டலாம் என்று போவது

முடியாது. நமக்குக் காட்சிக்கூடம்தான், அதை அவசரப்படாமல் பாருங்கள்.

கலைக்கூடத்தைக் கடைசிக்குத் தள்ளுவது

கோயிலில் நடந்து களைத்து, சாப்பிட்டுத் தூக்கக் கண்ணோடு அரண்மனைக் கலைக்கூடத்துக்கு வருகிறார்கள். வெண்கலச் சிலைகளை வரிசையாகப் பார்த்தபடி நடந்து வெளியே போய்விடுகிறார்கள். காலையிலேயே வாருங்கள். வந்ததும் திருவெண்காட்டு ரிஷபவாகனரை, காளையின் மேல் சாய்ந்து நிற்கும் சிவனை, தேடிப் போங்கள். 1011-ஆம் ஆண்டுச் சிலை. காளை இல்லை. ஆனால் வலக்கை அதன் மேல் இருப்பதுபோலவே தளர்ந்து கிடக்கிறது, விரல்கள்கூட இறுகவில்லை. தலையில் சடையைத் தலைப்பாகை மாதிரி சுற்றியிருக்கிறது. முன்னால் ஒரு நிமிடம் நின்றதும் நகராதீர்கள். பக்கவாட்டில் போய், ஒரு காலை முன்னே மாற்றி வைத்து நிற்கும் அவர் உடம்பின் பாரம் முழுவதும் எப்படி அந்த இல்லாத காளையின் மேல் சாய்கிறது என்று பாருங்கள். அப்புறம் பின்பக்கமும் போய்ப் பாருங்கள்.