முருகைக்கல் தொட்டிக்கு லைட் பூட்டும்போது விடும் பிழைகள்

புது எல்ஈடி லைட்டைப் பூட்டிய இரவு மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் முன்னறையே நீலமாக மின்னியது. வந்தவர்கள் தொட்டியை விட்டு நகரவில்லை. ஐந்தாம் நாள் ஹேமர் கோரல் என்ற முருகையின் தலைகள் சுருங்கின. பத்தாம் நாள் தோலுக்குள்ளால் வெள்ளை எலும்பு தெரிந்தது. லைட்டில் குறை இல்லை. முதல் நாளே நூறு வீதத்தில் எரியவிட்ட நான்தான் பிழை.

முருகையின் தசைக்குள் சூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தை வைத்து அது சமைக்கும் சாப்பாட்டில் பெரும்பங்கு முருகைக்குத்தான். வெளிச்சம் திடீரென்று கூடினால் அந்தப் பாசியே நச்சுப்பொருளை உண்டாக்கத் தொடங்கும். முருகை அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். நிறமும் போகும், சோறும் போகும். அதனால் புது லைட்டை முப்பது வீதத்தில் தொடங்கி, நாலைந்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு மாதம் எடுத்து மேலே கொண்டுபோங்கள். குறைக்கிற வசதி இல்லாத லைட் என்றால் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு வாரா வாரம் இறக்கலாம்.

சரி, எவ்வளவு வரைக்கும் கூட்டுவது? இங்கே பலர் கண்ணை நம்புகிறார்கள், அல்லது பெட்டியில் போட்டிருக்கும் லூமனை. லூமன் மனிதக் கண்ணுக்கான அளவு. நம் கண் பச்சை, மஞ்சளைத்தான் நன்றாகப் பிடிக்கும். அந்தப் பாசிக்கு முக்கியமாக வேண்டியது 420 முதல் 480 நானோமீற்றர் வரையான நீலம். கடலில் சிவப்பு மேலேயே வடிந்துவிட, ஆழத்துக்கு இறங்குவது நீலம்தான். வாட்டைப் பார்த்தால் கரண்ட் பில் தெரியும், அவ்வளவுதான். நன்னீர்ச் செடித் தொட்டிக்கான 6500 கெல்வின் வெள்ளை லைட்டைப் போட்டால் முருகைக்கு முன்னால் கண்ணாடியில் பாசி வளரும்.

பார்க்க வேண்டிய அளவு 'பார்' (PAR). நம்மூர் மீனவர்களுக்கு பார் என்றால் கடலடிப் பாறை; இது ஒளிச்சேர்க்கைக்கு உதவும் வெளிச்சத்தின் அளவு. மஷ்ரூம், சோவாந்தஸ் போன்ற மென்மையான முருகை வகைகளுக்கு 50 முதல் 150 வரை போதும். ஹேமர், டோர்ச் முருகைகள் 100 முதல் 200க்குள் சுகமாக இருக்கும். அக்ரோபோரா போன்ற கிளை முருகைகள் 250க்கு மேல் கேட்கும். இவற்றை ஒரே தட்டில் அடுக்கிவிட்டு ஒன்று கருகுகிறது, மற்றது மங்குகிறது என்று லைட்டைத் திட்டக்கூடாது. பார் அளக்கும் மீற்றர் விலை கூடியது. நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி மாறி மாறிப் பாவிப்பதுதான் புத்தி. தண்ணீர் மட்டத்தில் அல்ல, முருகை இருக்கும் இடத்தில் பிடித்து அளவுங்கள்.

முருகை வெளிறினால் பெரும்பாலும் வெளிச்சமோ சூடோ கூடிவிட்டது. மண்ணிறமாக மாறினால் கருகிவிட்டது என்று பயந்து லைட்டைக் குறைக்கிறார்கள். அநேகமாக அது எதிர்ப்பக்கம்: வெளிச்சம் போதாமல், அல்லது தண்ணீரில் நைத்திரேற்று கூடி, உள்ளே பாசி பெருகியிருக்கும்.

சூட்டை மறந்து லைட்டைப் பேச முடியாது. தொட்டிக்கு 25, 26 பாகை நல்லது. சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஏசி இல்லாத அறையில் அது 30ஐத் தாண்டும். 1998இல் இந்தியப் பெருங்கடல் சூடேறி முருகைகள் வெளிறியபோதும் சூடும் வெயிலும் சேர்ந்துதான் அடித்தன. அந்த நாட்களில் தண்ணீர் மேல் காற்றுப் பட ஒரு மின்விசிறி வையுங்கள், லைட்டையும் கால்வாசி குறையுங்கள். யன்னலோரம் தொட்டி வேண்டவே வேண்டாம்.

வெளிறியதற்குப் பதிலாகப் பாசிக்குடாக் கடலில் ஒரு துண்டு உடைத்து வரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கல் முருகைகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டாகவே வாங்குங்கள்.

நாளுக்கு எட்டு முதல் பத்து மணித்தியாலம் போதும். விருந்தாளிக்குக் காட்டுவதற்காக நள்ளிரவு வரை எரியவிடாதீர்கள். லைட்டின் கீழ்க்கண்ணாடியில் படியும் உப்பை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள், துடைக்கும்போது லைட் அணைந்திருக்கட்டும். அப்புறம், சுற்றும் முள் உள்ள டைமர் வைத்திருந்தால் கரண்ட் போய் வந்த ஒவ்வொரு தடவையும் அது அந்தளவு பின்தங்கும். ஒருமுறை எங்கள் தொட்டியில் விடியற்காலை மூன்று மணிக்குத்தான் இரவு விழுந்தது.