கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பியர்: எங்கே, என்றைக்கு?

லண்டனிலும் ரொறன்ரோவிலும் பத்துக் குழாயில் பத்து வகை பியர் ஊற்றும் பப்புகளுக்குப் பழகியவர்கள், ஊரிலும் அப்படியொரு பட்டியலைத் தேடுகிறார்கள். தேடிப் பயனில்லை. எங்கே போனாலும் பெரும்பாலும் லயன்தான் வரும். 1881இல் நுவரெலியாவில் தொடங்கிய பியர் ஆலையின் வழிவந்தது அது. 4.8 சதவீத லாகர் நம் வெயிலுக்குப் போதும். கறுப்பு ஸ்டவுட் 8.8 சதவீதம், 625 மில்லிலீற்றர் போத்தலை லாகர் வேகத்தில் குடித்தால் எழும்போதுதான் கணக்குத் தெரியும். ஆகவே எந்த பியர் என்பதை விட்டுவிட்டு, எங்கே உட்காருவது, என்றைக்குப் போவது என்று யோசியுங்கள்.

எந்த நாள் என்பதை முதலில் பாருங்கள். போயா எனப்படும் பௌர்ணமி தினங்களில் நாடு முழுவதும் மது விற்பனை இல்லை. வெசாக் என்றால் இரண்டு நாள். சித்திரைப் புத்தாண்டுக்கும் கடைகள் பூட்டு. பழைய வகுப்புத் தோழர்களைச் சந்திக்க ஒரே ஓர் இரவுதான் இருக்கிறது என்றால், டிக்கெட் போடும்போதே நாட்காட்டியில் பௌர்ணமியைப் பார்த்துவிடுவது நல்லது. கூட வரும் பிள்ளைகளுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். பிரித்தானியாவின் 18 இங்கே செல்லாது.

கொழும்பில் அறிமுகமில்லாத பகுதியில் தங்கினால், ஓட்டோக்காரரிடம் "நல்ல பார்" கேட்காதீர்கள். தனக்குக் கமிஷன் கிடைக்கும் இடத்திற்கே அவர் கொண்டுபோய் விடக்கூடும். தங்கியிருக்கும் இடத்து ஊழியரிடம், வேலை முடிந்து அவர் நண்பர்களோடு எங்கே போவார் என்று கேளுங்கள். அங்கே போனதும் வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். மேசைகளில் சாப்பாட்டுத் தட்டுகள் இருக்கின்றனவா? பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்களா? இரண்டும் இருந்தால் உள்ளே போகலாம். கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டிய இடங்கள் அவசரமாகக் குடித்துவிட்டுப் போகிறவர்களுக்கானவை. அங்கே கதைத்துக்கொண்டிருக்க முடியாது. போத்தலைத் தொட்டுப் பார்த்துக் குளிர் போதாவிட்டால் தயங்காமல் மாற்றச் சொல்லுங்கள். மூடியை உங்கள் முன்னால் திறக்கட்டும்.

சமையலறையின் தரம் அறிய ஹொட் பட்டர் கணவாய் ஒன்று சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். மாவு மெல்லியதாக ஒட்டி, செத்தல் மிளகாயும் வெங்காயத்தாளும் கலந்து, கடைசித் துண்டு வரை மொறுமொறுவென்று இருந்தால் அடுத்த போத்தலுக்கும் அங்கேயே இருக்கலாம். எண்ணெய் தட்டில் தேங்கி நின்றால் பில்லைக் கேளுங்கள்.

முதல் முறை போகிறவர்களுக்குக் கொழும்பு கோட்டைப் பகுதியிலுள்ள பழைய டச்சு வைத்தியசாலை வளாகம் சுலபம். 2011இல் உணவகங்களுக்காகத் திறந்தார்கள். 1864இல் கட்டிய கோல்பேஸ் ஹோட்டலில் பொழுது சாயும் நேரத்துக்குக் கடலைப் பார்த்து உட்காரலாம், விலையும் அதற்கேற்ப இருக்கும். என் தெரிவு கல்கிசைக் கடற்கரை: ரயில் பாதையைத் தாண்டினால் மணலிலேயே மேசை போட்டிருப்பார்கள். ஹோட்டல்களில் பட்டியல் விலையோடு 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 18 சதவீத வற் வரியும் சேரலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

பெண்களுக்கு மது விற்பதற்கு 1979இல் தடை வந்தது. 2018 ஜனவரியில் அதை நீக்கி, சில நாளிலேயே திரும்பக் கொண்டுவந்தார்கள். ஹோட்டல் பார்களில் இதை யாரும் பார்ப்பதில்லை. சில்லறை மதுக்கடையில் முகம் சுளிக்கக்கூடும்.

யாழ்ப்பாணத்தில் பப் என்று ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். குளிரூட்டிய இடம் வேண்டுமென்றால் நகரத்து ஹோட்டல்கள்தான். ஆனால் அங்கே போய் பியர் மட்டும் குடிப்பதை நான் வீண்செலவு என்றே சொல்வேன். பருவகாலமென்றால் உறவினர் ஒருவரோடு கள்ளுத் தவறணைக்குப் போங்கள். காலையில் இறக்கிய பனங்கள்ளு இனிக்கும். நேரம் ஏற ஏறப் புளித்து வெறி கூடும். கிடைத்தால் பனையோலையில் மடித்த பிளாவில் வாங்கிக் குடியுங்கள், ஓலை வாசம் சேரும். குடிக்காதவர்களுக்குச் சுண்ணாம்பிட்ட முட்டியில் இறக்கிய கருப்பணி, அதாவது புளிக்காத பதநீர், இருக்கிறது.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் பல வீடுகளில் மச்சம்கூட (மீன், இறைச்சி) சமைப்பதில்லை. அந்த நாள்களில் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தால் பியர் நினைப்பைக் கொழும்புக்குத் திரும்பும் வரை ஒத்திவையுங்கள்.