‘ஒரே மதியத்தில் சரி செய்துவிட்டேன்’: நூலக, அருங்காட்சியக இனநீதி வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சாயங்காலம் நாலரை மணிக்கு என் மேசைக்கு வந்தார். முகத்தில் அப்படியொரு திருப்தி. பழைய புகைப்படப் பதிவுகளில் இருந்த தப்பான சொற்களையெல்லாம் ஒரே மதியத்தில் மாற்றிவிட்டதாகச் சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடங்களுக்கு முன்னால் இதே திருப்தியோடு இதே காரியத்தை நானே செய்திருக்கிறேன். நல்லவேளை, அவர் கை வைத்தது சோதனைப் பிரதியில். நான் கை வைத்தது அசலில்.

அமெரிக்காவில் நூலகங்களிலும் ஆவணக்காப்பகங்களிலும் கேட்டலாக் போடுவது, அதாவது இருப்பதைத் தேடி எடுக்க விவரப் பதிவு எழுதுவது, என் பிழைப்பு. நடுவில் கொஞ்ச காலம் ஓர் அருங்காட்சியகத்துக்கு விளக்க அட்டை எழுதினேன். இனச் சமத்துவம், சமூக நீதி என்று சொல்லி இந்தத் துறைக்குள் வருகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். வசைச்சொல் எழுதாதே, வாசகரின் நிறத்தைப் பார்த்துப் பின்னாலேயே போகாதே என்றெல்லாம் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது தெரியாதவர் இந்த வேலைக்கு வரவே மாட்டார். நல்ல மனசோடு வந்து செய்கிற தவறுகள்தான் ஆபத்தானவை. அவற்றை யாரும் நிறுத்தச் சொல்வதில்லை.

பகுப்பு எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்வது

புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டியூயி பகுப்பு முறை 1876-இல் வந்தது. அதில் மதத்துக்கு 200. 220-இலிருந்து 289 வரை முழுக்கக் கிறிஸ்தவம். உலகத்தின் மற்ற மதங்கள் எல்லாம் 290-க்குள். நம்மூர் சைவமும் வைணவமும் 294.5-இல் புள்ளிக்குப் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. புதியவர்கள் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதே எண்ணைப் புத்தக முதுகில் ஒட்டிவிட்டுப் போகிறார்கள்.

வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1930-இல் கறுப்பினத் தொகுப்பின் பொறுப்பை ஏற்ற நூலகர் டோரதி போர்ட்டர் அப்படிப் போகவில்லை. அந்தக் காலத்தில் கறுப்பர் எழுதியது எதுவானாலும், ஒன்று 325 குடியேற்றம், இல்லையென்றால் 326 அடிமை முறை. ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் கவிதைத் தொகுப்பைக்கூட 325-இல் வைத்தார்கள். போர்ட்டர் கவிதையைக் கவிதையோடும் வரலாற்றை வரலாற்றோடும் வைத்தார். இன்று கேட்டால் இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அன்று மற்ற நூலகங்களைக் கேட்டபோது, எங்கே போனாலும் அதே இரண்டு எண்தான்.

இன்னும் பாக்கி இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் பகுப்பில் அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றிய நூல்களில் பெரும்பகுதி E வரிசையில், 100-க்கு முன்னால். E 101-இலிருந்து ‘அமெரிக்காவைக் கண்டுபிடித்த’ கதை தொடங்கும். நேற்று அச்சான புத்தகம், உயிரோடிருக்கும் சமூகம், ஆனாலும் அலமாரியில் அவர்கள் கொலம்பஸ் வருவதற்கு முன்னால் நிற்கிறார்கள். ஒரு தடவை அந்த வரிசையில் நடந்து பாருங்கள்.

கண்டுபிடி, மாற்று

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். இன்னும் எரிச்சல் அடங்கவில்லை, முதலில் என் மேல்தான்.

ஓர் ஆவணக்காப்பகத்தில் புகைப்படத் தொகுப்பு ஒன்று என் பொறுப்பில் இருந்தது. மூவாயிரம் படங்கள் இருக்கும். 1900-க்கும் 1950-க்கும் நடுவில், தெற்கு மாநிலம் ஒன்றின் பள்ளிகள், தேவாலயங்கள், வயல்கள். பதிவுகளில் ‘கலர்டு’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம். கறுப்பின மக்களைக் குறிக்க ஒரு காலத்தில் அரசாங்கக் காகிதத்திலேயே புழங்கிய சொல் அது. இன்று யாரையாவது அப்படிச் சொன்னால் முகம் சுருங்கும். அதை எடுத்துவிட்டு ‘ஆஃப்ரிக்கன் அமெரிக்கன்’ என்று போடச் சொல்லிக் கணினிக்கு ஆணை கொடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றிரவு ஏதோ பெரிய நியாயத்தை நிலைநாட்டிவிட்ட நினைப்பில் தூங்கினேன்.

மறுநாள் காலை சிரிப்பு தொடங்கியது. படம் நிறம் மாறிப் பழுத்திருக்கிறது என்று பராமரிப்புக் குறிப்பில் ‘டிஸ்கலர்டு’ என்று எழுதியிருந்த இடமெல்லாம் ‘டிஸ்ஆஃப்ரிக்கன் அமெரிக்கன்’ ஆகியிருந்தது. கையால் வண்ணம் தீட்டிய படங்கள் ‘ஹேண்ட்-கலர்டு’ என்பதிலிருந்து ‘ஹேண்ட்-ஆஃப்ரிக்கன் அமெரிக்கன்’ ஆகியிருந்தன. 1909-இல் தொடங்கிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் முழுப்பெயர் ‘கலர்டு பீப்பிள்’ என்றுதான் முடியும். கறுப்பின மக்களின் உரிமைக்காக நூறு வருடத்துக்கும் மேல் நிற்கிற இயக்கத்துக்கு நான் ஒரே நிமிடத்தில் புதுப்பெயர் சூட்டியிருந்தேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கண்ணில் பட்டதை மட்டும் அவசரமாகத் திருத்திவிட்டு, விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஆறு மாதம் கழித்து எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா வாசிப்பு அறைக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை. அதற்குள் அவருடைய பாட்டியின் பள்ளிச் சான்றிதழ். அந்தக் காலத்துப் பல பள்ளிகளைப் போல அந்தப் பள்ளியின் பெயரிலேயே ஊர்ப்பெயருக்கு அடுத்து ‘கலர்டு ஸ்கூல்’ என்று இருந்தது. அந்தப் பெயரை எழுத்துப் பிசகாமல் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. எங்களிடம் எதுவும் இல்லை அம்மா என்று சொல்லி அனுப்பினேன். நான் செய்த காரியம் அப்போது எனக்கு ஞாபகத்துக்குக்கூட வரவில்லை, அதுதான் இன்றும் உறுத்துகிறது.

மூன்று மாதம் போனது. வேறு எதையோ தேடி ஒரு பெட்டியைத் திறந்தேன். பள்ளி வாசலில் பெண் பிள்ளைகள் வரிசையாக நிற்கும் ஐந்து படங்கள். பின்பக்கம் பென்சிலில், விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிற அளவுக்கு மங்கலாக, பள்ளியின் பெயர், வருடம், ஒவ்வொரு பிள்ளையின் பெயர். இந்த வரியைத்தான் எனக்கு முன்னால் யாரோ கவனமாகப் படியெடுத்துப் பதிவில் ஏற்றியிருந்தார்கள். அதைத்தான் நான் மாற்றியிருந்தேன். வருகைப் பதிவேட்டில் அந்த அம்மா எழுதியிருந்த எண்ணுக்கு அழைத்தேன். உபயோகத்தில் இல்லை என்றது.

இங்கே என்ன தவறு நடந்தது என்று புரிய வேண்டுமானால், பதிவில் இரண்டு வகைத் தலைப்பு உண்டு என்பது தெரிய வேண்டும். ஒன்று, பொருளின் மேலேயே எழுதியிருப்பதை அப்படியே படியெடுத்தது. இன்னொன்று, ஒன்றும் எழுதாத படத்துக்குக் கேட்டலாக் போடுகிறவர் தானே வைத்த தலைப்பு. இதைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுவது பழைய வழக்கம். முதலாவது சாட்சியின் வாக்குமூலம் மாதிரி. அதில் கை வைக்கக் கூடாது, எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும். இரண்டாவது நம்முடைய பேச்சு. அதைத் திருத்தலாம், திருத்தத்தான் வேண்டும். கணினிக்கு அடைப்புக்குறியின் அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, பழைய சொல்லைத் தொடவே கூடாதா? தொடலாம், தொட்ட தடம் இருக்க வேண்டும். காங்கிரஸ் நூலகம் 1970-களின் நடுவில் ‘நீக்ரோஸ்’ என்ற பொருள் தலைப்பை, அதாவது எதைப் பற்றியது என்று தேட உதவும் சொல்லை, கைவிட்டது. பிறகு வந்த ‘ஆஃப்ரோ-அமெரிக்கன்ஸ்’ 2000-இல் ‘ஆஃப்ரிக்கன் அமெரிக்கன்ஸ்’ ஆனது. பழைய தலைப்பு காணாமல் போய்விடாது. பழைய சொல்லைத் தேடி வருகிறவரைப் புதிய சொல்லுக்கு அனுப்பிவைக்கும் வழிகாட்டியாக உள்ளே உட்கார்ந்திருக்கும். பாட்டியின் சான்றிதழோடு வருகிறவருக்குப் புதிய சொல் எப்படித் தெரியும்?

இன்னொன்றும் இருக்கிறது. நம் நிறுவனமே தன் ஊழியர் கையால் எழுதிய இழிவான விவரிப்பைச் சத்தமில்லாமல் அழித்தால் யாருக்கு லாபம்? வாசகருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. நிறுவனத்துக்குத்தான். எழுதியது யார், எந்த வருடம், எத்தனை காலம் யாருமே கேட்காமல் விட்டார்கள் என்பதெல்லாம் ஒரு நிமிடத்தில் போய்விடுகிறது. சமூக நீதி என்ற பெயரில் தடயத்தைத் துடைத்துக் கொடுத்திருக்கிறோம். அதனால்தான் இப்போது பழைய விவரிப்பைத் தேதி போட்டு ஒரு குறிப்பில் வைக்கச் சொல்கிறேன். மேலே புதிய விவரிப்பு, கீழே எப்போது எதற்காக மாற்றினோம் என்று இரண்டு வரி. ஒரு பதிவுக்குப் பத்து நிமிடம் ஆகும். ஆகட்டும்.

தாமதத்துக்குப் பயந்தும் இந்தக் குறுக்கு வழிக்குப் போகிறார்கள், அது எனக்குப் புரிகிறது. ‘இல்லீகல் ஏலியன்ஸ்’ (சட்டவிரோத அந்நியர்கள்) என்ற பொருள் தலைப்பை மாற்றச் சொல்லி டார்ட்மத் கல்லூரி மாணவர்கள் கேட்டது 2014-இல். மாற்றுவதாகக் காங்கிரஸ் நூலகம் 2016-இல் அறிவித்தது. நாடாளுமன்றத்திலிருந்து எதிர்ப்பு கிளம்பி விஷயம் கிடப்பில் போனது. மாற்றம் வந்தபோது 2021. ஆனால் நடுவில் இருந்த வருடங்களில் பல நூலகங்கள் தங்கள் கேட்டலாக்கில் சொந்தமாக மாற்றுச்சொல் வைத்துக்கொண்டன, பழைய தலைப்பிலிருந்து வழியும் விட்டன. காத்திருக்காமலும் செய்யலாம், துடைக்காமலும் செய்யலாம்.

என் மூவாயிரம் படங்களுக்கு வருவோம். காப்புப் பிரதியை முப்பது நாள்தான் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு படத்தையும் எடுத்து, திருப்பி, பின்பக்கம் படித்து, மறுபடி ஏற்றினோம். ஒன்றரை வருடம்.

பிப்ரவரி அலமாரி

பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று மாதத்துக்காகத் தனி அலமாரியில் அடுக்கிய புத்தகங்கள், மாதம் முடிந்து மார்ச் 1 அன்று எங்கே போகின்றன என்று பாருங்கள்.

‘சேகரிக்கப்பட்டது’

விளக்க அட்டையில் எனக்குப் பிடிக்காத சொல் இதுதான். யார் சேகரித்தார்? யாரிடமிருந்து? கையில் துப்பாக்கி இருந்ததா? செயப்பாட்டு வினையில் எழுதினால் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டாம். 1897-இல் பிரிட்டிஷ் படை இன்றைய நைஜீரியாவில் உள்ள பெனின் நகரைச் சூறையாடி எடுத்துப்போன வெண்கலச் சிற்பங்கள் பல நாட்டு அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ‘சூறையாடினார்கள்’ என்று ஒரு வினைச்சொல்லைச் சரியாகப் போட்டால், அடுத்து ‘அப்படியானால் இது ஏன் இன்னும் இங்கே இருக்கிறது?’ என்று பார்வையாளர் கேட்பார். கேட்கட்டும். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் 2022-இல் 29 பெனின் வெண்கலங்களை நைஜீரியாவுக்கே திருப்பிக் கொடுத்தது.

அட்டையில் ஒரு சொல்லைக்கூடக் கூட்டாமல் செய்தவரும் உண்டு. 1992-இல் ஃப்ரெட் வில்சன் என்ற கலைஞர் பால்டிமோரில் மேரிலாண்ட் வரலாற்றுச் சங்கத்தின் கிடங்கைத் திறந்து, அவர்களுடைய பொருட்களையே வேறு மாதிரி அடுக்கினார். வேலைப்பாடு மிக்க வெள்ளிப் பாத்திரங்கள். நடுவில் அடிமைகளின் காலில் பூட்டிய இரும்பு விலங்கு. தலைப்பு ‘உலோக வேலை, 1793–1880’, அவ்வளவுதான். இரண்டும் அதே நிறுவனத்தின் சொத்து. ஒன்று கண்காட்சியில் இருந்தது, மற்றது கிடங்கில்.

ஒருவரை வேலைக்கு எடுத்தால் போதும் என்று நினைப்பது

2015-இல் வெளிவந்த மெலன் அறக்கட்டளையின் கணக்கெடுப்பில், அமெரிக்கக் கலை அருங்காட்சியகங்களில் காப்பாளர், கல்வியாளர், பாதுகாப்பு நிபுணர், தலைமைப் பொறுப்பு ஆகிய இடங்களில் 84 சதவீதம் பேர் வெள்ளையர். கறுப்பினத்தவர் 4 சதவீதம். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஒருவரை எடுப்பார்கள், அப்புறம் எல்லாக் குழுவிலும் அவரையே போடுவார்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வெள்ளையர் அல்லாதவர் நான் மட்டும்தான். மிசிசிப்பி பருத்தித் தோட்டங்களைப் பற்றி ஒரு கண்காட்சி. ‘நீங்கள் சொன்னால் நன்றாக இருக்கும்’ என்று என்னைப் பார்த்தார்கள். நான் தமிழ் ஆள். அந்த ஊர் வெயில் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. அதைவிட மோசம், வந்த முதல் வருடம் அப்படிக் கேட்டபோது பெருமையாக எழுதிக் கொடுத்தேன்.

சமூகப் பெரியவர்களுக்குச் சன்மானம்

ஆலோசனை சொல்ல வருகிறவர்களுக்குக் கொடுங்கள். காப்பியும் சான்றிதழும் சன்மானத்தில் சேராது.

எல்லாம் முடித்துவிட்டுக் கருத்துக் கேட்பது

அட்டை அச்சாகி, கண்ணாடிப் பெட்டி பூட்டி, திறப்பு விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சமூகத்தாரைக் கூப்பிட்டால் அது ஆலோசனை ஆகாது, அழைப்பிதழ். பூர்வகுடிகளின் மூதாதையர் எலும்புகள், புனிதப் பொருட்கள் விஷயத்தில் இது சட்டத்துக்கே வந்துவிட்டது. திருப்பிக் கொடுப்பதற்கான நாக்ப்ரா சட்டம் 1990-லேயே வந்தும், ‘எந்த இனக்குழு என்று தெரியவில்லை’ என்று எழுதி வைத்தே பல நிறுவனங்கள் காலம் தள்ளின. 2024 ஜனவரியில் அமலுக்கு வந்த புதிய விதி, காட்சிக்கு வைப்பதற்கும் ஆய்வு செய்வதற்கும் முன்பே சம்பந்தப்பட்டவர்களின் சம்மதம் வேண்டும் என்கிறது. அந்த மாதமே நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இரண்டு கூடங்களை மூடியது. சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகம் சில பெட்டிகளைத் துணி போட்டு மறைத்தது. முப்பது வருடத்துக்கு மேல் அவகாசம் இருந்தது.

தாமத அபராதம்

காசில்லாத வாசகரைத்தான் அது முதலில் விரட்டும். சிகாகோ பொது நூலகம் 2019-இல் அபராதத்தையே எடுத்துவிட்டது. புத்தகங்கள் திரும்பி வரத்தான் செய்தன.

அந்த இளைஞரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். திட்டவில்லை. சோதனைப் பிரதியில் ‘டிஸ்ஆஃப்ரிக்கன்’ என்று தேடிப் பார்க்கச் சொன்னேன். நேற்று வரை பதினேழு கிடைத்திருக்கிறதாம்.