பஸ்ஸிலேயே என்ஜினைப் போடாதீர்கள்: சொந்த ஆட்டத்தை அலசுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சுற்று முடிந்து கடலூர் பஸ் ஏறினால், யார் யாரெல்லாம் செஸ் ஆடிவிட்டு வருகிறார்கள் என்பது அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் தெரிந்துவிடும். குனிந்த தலை, மடியில் நகர்த்தல்களை எழுதிய கசங்கிய ஸ்கோர்ஷீட், கையில் போன். போனில் என்ஜின், அதாவது சரியான நகர்த்தலைக் கணக்குப் போட்டுச் சொல்லும் செஸ் மென்பொருள், ஓடிக்கொண்டிருக்கும். போன மாதம் எனக்கு முன் சீட்டில் ஓர் அப்பாவும் பத்து வயதுப் பையனும் உட்கார்ந்திருந்தார்கள். "இங்க பாரு, யானைய வெட்டாம குதிரைய ஏன்டா நகர்த்துன? பிளஸ் நாலு காட்டுது." பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கன்னியக்கோயில் வரும் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

அந்த அப்பாவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் பல வருடம் அதையேதான் செய்தேன். திட்டுவதற்கு அப்பா பக்கத்தில் இல்லை என்பதால் என்னை நானே திட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஆட்டம் முடிந்தவுடன் என்ஜினைப் போடுவதில் என்ன தப்பு? ஸ்டாக்ஃபிஷ் என்ற என்ஜின் இலவசம், எந்த கிராண்ட்மாஸ்டரையும்விடப் பலமானது, கேட்ட நொடியில் பதில் சொல்கிறது. ஆனால் மூன்று மணி நேரம் உங்கள் தலைக்குள் ஓடியது என்ன என்று அதற்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும், அதுவும் அன்று ராத்திரி வரைக்கும்தான். சரியான நகர்த்தலைத் திரையில் பார்த்துவிட்டால் போதும், நினைவு கதை மாற்ற ஆரம்பித்துவிடும். "அத நானும் பார்த்தேன், வைக்கல" என்று சொல்லிக்கொள்வோம். பெரும்பாலும் பார்த்திருக்கவே மாட்டோம்.

அதனால் வீட்டுக்கு வந்ததும், சாப்பிட்டு முடித்து, என்ஜின் இல்லாமல் பலகையை எடுத்து வைத்து எழுதிவிட வேண்டும். எங்கே எதற்குப் பயந்தேன், எந்த இரண்டு நகர்த்தலுக்கு நடுவில் திண்டாடினேன், எப்போது "ஜெயிச்சுட்டோம்" என்று நினைத்தேன். அரைப் பக்கம் போதும். என்ஜினை இரண்டு நாள் கழித்துத் திறந்தாலும் அது எங்கேயும் ஓடிவிடாது.

இதன் அருமை எனக்குப் புரிந்தது ஒரு தோல்வியில். நான் கறுப்பு. ஆளுக்கு 90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதல். ஆட்டம் மூன்று மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. எதிராளிக்கு ராஜா இ3, சிப்பாய் இ4, ஒரு யானை (எழுத்து கட்டத்தின் நெடுவரிசை, எண் குறுக்குவரிசை). எனக்கு ராஜா இ7, யானை டி1. வேறு எதுவும் இல்லை. 52ஆவது நகர்த்தலில் அவர் யானையை ஏ7-க்குக் கொண்டுவந்து செக் வைத்தார். என் யானையை டி7-க்கு இழுத்துக் குறுக்கே வைத்திருக்கலாம். அவர் வெட்டினால் நான் ராஜாவால் திருப்பி வெட்டுவேன். பலகையில் இரண்டு ராஜாவும் ஒரு சிப்பாயும்தான் மிஞ்சும். அவர் ராஜா சிப்பாய்க்குப் பின்னால், என் ராஜா முன்னால். நேருக்கு நேர் நின்று மறிக்கத் தெரிந்தவருக்கு அது டிரா.

நான் வைக்கவில்லை. ராஜாவை இ6-க்கு நகர்த்தினேன். பதினைந்து நகர்த்தல் கழித்துத் தோற்றேன்.

என்ஜினில் போட்டால் பெரிய தவறைக் காட்டும் சிவப்புக் கோடு 67ஆவது நகர்த்தலில் விழுகிறது. அங்கே யானையைத் தப்பான இடத்துக்குக் கொண்டுபோனேன், அது உண்மை. 52-இல்? பூஜ்யம், அதாவது நிலை சமம். யானையை மாற்றினாலும் பூஜ்யம், மாற்றாவிட்டாலும் பூஜ்யம். என்ஜின் கணக்கில் அங்கே தவறே நடக்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி நோட்டில் நான் எழுதியிருந்தது இது: "சிப்பாய் ஒன்று கம்மி. யானையை மாற்றினால் ராணியாக்கிவிடுவார். மாற்றக் கூடாது." ஒரு நகர்த்தல்கூட எண்ணிப் பார்க்கவில்லை. சின்ன வயதில் எங்கேயோ கேட்ட ஒரு வாக்கியத்தை நம்பி, கையில் இருந்த எளிய டிராவை விட்டுவிட்டு, கஷ்டமான டிராவைத் தேடிப் போயிருக்கிறேன். தப்பான நினைப்பு தப்பில்லாத நகர்த்தலுக்குள் ஒளிந்துகொண்டிருந்தால் என்ஜினால் அதைப் பிடிக்க முடியாது. நோட்டு இல்லாவிட்டால் 67ஐ மட்டும் பார்த்து, "டயம் இல்ல, கை தவறிடுச்சு" என்று மூடி வைத்திருப்பேன்.

மாற்றலாமா கூடாதா என்ற இந்தக் குழப்பம் நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் வருவதில்லை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக சாம்பியன்ஷிப்பின் 14ஆவது ஆட்டம். ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த அப்போதைய சாம்பியன் டிங் லிரன், 55ஆவது நகர்த்தலில் யானைகளை மாற்றிக்கொள்ள முன்வந்தார். குகேஷ் யானையை வெட்டினார், அடுத்து பிஷப்பையும் மாறியே தீர வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைத்தார். மிஞ்சியது சிப்பாய் ஆட்டம், அதில் டிங்குக்கு வழியில்லை. நான் மாற்றாமல் கெட்டேன், அவர் மாற்றிக் கெட்டார். (இரண்டையும் ஒரே வரியில் எழுதுவது கொஞ்சம் ஓவர்தான்.)

அடுத்த தவறு ஒரு சொல்: கவனக்குறைவு. அலசல் நோட்டுகளில் இதைவிட அதிகமாக வரும் சொல் கிடையாது. குதிரை போயிற்றா, கவனக்குறைவு. மேட் ஆனதா, கவனக்குறைவு. இப்படி எழுதினால் அலசல் முடிந்துவிட்டது போல ஒரு நிம்மதி வரும். ஆனால் அடுத்த வாரம் எதை மாற்றிக்கொள்வது? "இனி கவனமாக ஆடு" என்பது பயிற்சி ஆகாது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் வேறு ஏதோ இருக்கும். நான் தாக்கிக்கொண்டிருந்ததால் எதிராளிக்கு ஒரு செக் இருப்பதைப் பார்க்கவில்லை. அல்லது ஒரு காய் அதிகமாகக் கிடைத்ததும் இனி அவர் ரிசைன் பண்ணிவிடுவார் என்று காத்திருந்தேன். அல்லது பின்னோக்கி நகரும் பிஷப் கண்ணில் படவில்லை. என் நோட்டில் இந்தச் சொல்லைத் தடை செய்துவிட்டேன். எழுத வந்தால் அடித்துவிட்டு, "எதைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இதைப் பார்க்கவில்லை?" என்று கேட்டு எழுதுகிறேன். ஆறேழு ஆட்டம் சேர்ந்ததும் ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. எனக்கு அது எதிராளியின் குதிரை. உங்களுக்கு வேறாக இருக்கும்.

டயம் இல்லாமல் போயிற்று என்பதும் கிட்டத்தட்ட இதே மாதிரிச் சாக்குதான், ஸ்கோர்ஷீட்டில் நேரத்தைக் குறித்து வைக்காதவரைக்கும். விதிப்படி ஸ்கோர்ஷீட்டில் நகர்த்தல்களோடு கடிகார நேரத்தையும், டிரா கேட்டதையும் குறிக்கலாம். ஆடும்போது எண்ணங்களை எழுதத்தான் கூடாது. ஐந்து நகர்த்தலுக்கு ஒருமுறை மீதி நிமிடத்தைச் சின்னதாகக் குறித்துவிட்டால் வீட்டில் கதை வேறு மாதிரி தெரியும். கடைசியில் நேரம் இல்லாமல் திணறியது தற்செயல் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் 12ஆவது நகர்த்தலில், இரண்டில் எதை ஆடினாலும் பாதகமில்லாத இடத்தில், 23 நிமிடம் உட்கார்ந்திருக்கிறேன்.

கையெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பி-யா டி-யா என்று தெரியாத நொட்டேஷனை, அதாவது நகர்த்தல் குறிப்பை, வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு ஆட்டத்தைத் திரும்ப உருவாக்கப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தோற்றவுடன் எழுந்து போய்விடுவது இன்னொரு தவறு, இது ரோஷத்தால் வருவது. எதிராளி ஹாலுக்கு வெளியே "பார்க்கலாமா?" என்று கேட்பார். நாம் "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்போம். கடலூர் பஸ் கால் மணிக்கு ஒன்று வந்துகொண்டேதான் இருக்கும். எதிராளியிடம் கேட்க வேண்டியது யார் நன்றாக ஆடினார் என்பதில்லை. "எந்த இடத்துல நீங்க பயந்தீங்க?" என்று கேளுங்கள். ஒருமுறை ஒரு பெரியவர் சொன்ன பதிலில் நான் ஆடிப்போனேன். நான் தோற்றுவிட்டதாக நினைத்து அவசரப்பட்ட இடத்தில், அவர் டிரா கேட்க வாயெடுத்திருக்கிறார். எந்த என்ஜினும் இதைச் சொல்லாது.

ஓப்பனிங்மேல், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முறைமேல், பழி போடுவது எல்லோருக்கும் பிடித்த வேலை. 40ஆவது நகர்த்தலில் யானையை இழந்துவிட்டு, வீட்டுக்கு வந்து சிசிலியன் ஓப்பனிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு காரோ-கான் ஓப்பனிங் வீடியோ பார்க்க உட்காருவோம். ஓப்பனிங் முடியும்போது நிலை சமமாக இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தியரியிலிருந்து, அதாவது புத்தகத்தில் உள்ள வழக்கமான நகர்த்தல்களிலிருந்து, நாம் முதலில் விலகிய ஒரே ஒரு நகர்த்தலை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

அப்புறம், யார் எவ்வளவு முன்னால் என்று என்ஜின் காட்டும் அந்த எண்கள். பிளஸ் 0.3 என்றால் சிப்பாயில் பத்தில் மூன்று பங்கு. நம் ரேட்டிங்கில் ஆடுகிறவர்களுக்கு அது காற்றில் கரையும் கற்பூரம். முடிவு மாறும் இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: ஜெயிப்பது டிராவான இடம், டிரா தோல்வியான இடம். ஓர் ஆட்டத்தில் இரண்டு மூன்று இருக்கும். துல்லியம் இத்தனை சதவீதம் என்று தளங்கள் காட்டுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதில் தப்பில்லை; கற்றுக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

ஜெயித்த ஆட்டத்தை யாரும் அலசுவதில்லை. அலச வேண்டும், எதிராளி தவறவிட்டது எதை என்று.

கடைசியாக, தனியாக அலசிவிட்டு நோட்டை மூடிவிடுவது. மூன்று முறை உலக சாம்பியன் பட்டத்தை வென்ற போட்வின்னிக், ஆட்டக்காரர்கள் தங்கள் அலசலை அச்சில் வெளியிட வேண்டும் என்று வலியுறுத்தியவர். தப்பு இருந்தால் படிக்கிறவர்கள் பிடித்துவிடுவார்கள். எனக்கு அச்சு வேண்டாம், மஞ்சக்குப்பத்தில் ஒரு நண்பர் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பேச்சு கம்மி. என் 52ஆவது நகர்த்தல் கதையைக் கேட்டுவிட்டு, திண்ணையில் பலகையை விரித்தார். யானைகளை எடுத்துவிட்டு, வெள்ளை ராஜா இ3, சிப்பாய் இ4, தன் கறுப்பு ராஜாவை டி7-இல் வைத்தார்.

"நீங்க வெள்ளை. ராணியாக்குங்க பார்ப்போம், தம்பி."

நாலு தடவை முயன்றேன். டி4-க்குப் போனால் அவர் டி6. சிப்பாயைத் தள்ளினால் அதன் முன்னாலேயே நின்றார். நான் பக்கம் மாறினால் அவரும் மாறினார். நாலாவது தடவை ஸ்டேல்மேட் (செக் இல்லாமலேயே நகர இடமில்லாமல் டிரா ஆவது) வரைக்கும் போய் முட்டிக்கொண்டு நின்றேன். எதைப் பார்த்து அன்று பயந்தேனோ, அதை என்னால் செய்யவே முடியவில்லை.

"சரி, இப்போ?" என்று, வெள்ளை ராஜாவை மட்டும் தூக்கி இ5-இல் வைத்தார். சிப்பாய்க்கு முன்னால் வந்துவிட்டது. மற்றதெல்லாம் அப்படியே. நான் எஃப்6-க்குப் போனேன். அவருடைய ராஜா ஒதுங்க வேண்டியதாயிற்று, சிப்பாய் நடந்து போய் ராணியானது. அவர் காய்களைத் திரும்ப அடுக்கி, வெள்ளை ராஜாவை மறுபடி இ3-இல் வைத்து, பலகையை என் பக்கம் திருப்பினார். இந்தத் தடவை கறுப்பு எனக்கு.