கேட்வேக்குப் பின்னால் ரௌட்டர்: எந்த முகவரியை எந்தப் பெட்டி தருகிறது?

சிங்கப்பூரில் ஃபைபர் இணைப்புள்ள வீட்டில் பொதுவாக மூன்று பெட்டிகள் வரிசையாக இருக்கும். சுவரில் நெட்லிங்க் (ஃபைபர் கம்பிகளைப் போடும் நிறுவனம்) பொருத்திய சிறு பெட்டி ஒன்று. அதிலிருந்து பச்சை முனையுள்ள மெல்லிய கம்பி போய்ச் சேரும் இணைய நிறுவனத்தின் பெட்டி இரண்டாவது; தலைப்பில் ‘கேட்வே’ என்றது இதைத்தான். நாம் காசு கொடுத்து வாங்கிய ரௌட்டர் மூன்றாவது. தலைவலி பெரும்பாலும் நடுப்பெட்டியில்தான் தொடங்கும். அது ஓஎன்டி என்றால் ஒளியை ஈதர்நெட்டாக மாற்றுவதோடு அதன் வேலை முடிந்தது. ஓஎன்ஆர் என்றால் அதற்குள்ளேயே ஒரு ரௌட்டர் இருக்கிறது; முகவரி கொடுக்கும், நாட் செய்யும் (வீட்டுக் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கும்), வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும்.

எது என்று ஊகிக்க வேண்டாம். லேப்டாப்பை நடுப்பெட்டியில் நேரடியாகச் செருகி, கிடைக்கும் ஐபியை (வலையில் கருவிக்குரிய முகவரி எண்) பாருங்கள். 192.168 அல்லது 10 என்று தொடங்கினாலோ, 172.16 முதல் 172.31 வரைக்குள் இருந்தாலோ அந்தப் பெட்டி ரௌட்டராக நடந்துகொள்கிறது. 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் நிறுவனமே ஒரு பொது முகவரியை (வெளி இணையத்துக்குத் தெரியும் முகவரி) பல வீடுகளுக்குப் பங்கு வைக்கிறது. அப்போது வீட்டில் எதை மாற்றினாலும் அந்த முகவரி வழியாக வெளியிலிருந்து நேரடியாக உள்ளே வர முடியாது.

‘ஸ்டாட்டிக்’ என்ற ஒரு சொல், இரண்டு பொருள்

நிறுவனத்திடம் மாதக் கட்டணம் கட்டி வாங்கும் மாறாத பொது முகவரியும் ஸ்டாட்டிக்தான். பிரிண்டருக்கு வீட்டுக்குள் நாமே வைக்கும் 192.168 முகவரியும் ஸ்டாட்டிக்தான். இரண்டாவதை எத்தனை முறை மாற்றியும் முதலாவது கிடைக்காது. வீட்டு கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காகக் கேமராவுக்கு நிலையான முகவரி வைத்துவிட்டு, ‘இன்னும் வேலை செய்யவில்லையே’ என்று காத்திருப்பவர்கள் நிறைய.

இதன் மறுபக்கமும் உண்டு. பொது முகவரி வாங்கியதும் ரௌட்டரின் ‘வேன்’ (இணையத்தை நோக்கிய) பக்கத்தை ஸ்டாட்டிக் என்று மாற்றி எண்ணைத் தட்டிவிடுகிறார்கள். பல நிறுவனங்கள் அந்த மாறாத முகவரியையும் டிஎச்சிபி (முகவரியைத் தானாகக் கொடுக்கும் முறை) வழியாகவே தருகின்றன. ரௌட்டரைத் தானியங்கி நிலையில் விட்டால் ஒவ்வொரு முறையும் அதே எண் வரும். கையால் தட்டினால் இணைப்பு படுத்துவிடலாம். நிறுவனத்தை அழைத்து ஒரே கேள்வி கேளுங்கள்: ‘முகவரி தானாக வருமா, நான் தட்ட வேண்டுமா?’ தட்டத்தான் வேண்டும் என்றால் முகவரி, சப்நெட் மாஸ்க் (எந்த எண்கள் வரை ஒரே வலை என்று சொல்வது), கேட்வே (வெளியே போக வேண்டியதை ஒப்படைக்கும் நிறுவனக் கருவியின் முகவரி), இரண்டு டிஎன்எஸ் (தளப் பெயரை எண்ணாக மாற்றும் சர்வர்) ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டிஎன்எஸ் இடத்தைக் காலியாக விட்டால் இணைப்பு இருப்பதாகக் காட்டும், ஒரு தளமும் திறக்காது. நிறுவனத்தின் டிஎன்எஸ் கையில் இல்லாதபோது 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் போடலாம்.

மாஸ்க்கில் ஓர் எண் தப்பினால்

இந்தத் தவறு உடனே தெரியாது, அதனால்தான் மோசமானது. எட்டு முகவரிகள் கொண்ட /29 தொகுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். (203.0.113 விளக்கங்களுக்கென்றே ஒதுக்கிய எண், அப்படியே தட்டிவிடாதீர்கள்.) 203.0.113.8 வலையின் பெயர், 203.0.113.15 அனைவருக்குமான அறிவிப்பு முகவரி; இரண்டையும் எந்தக் கருவிக்கும் வைக்க முடியாது. 203.0.113.9 நிறுவனத்தின் கேட்வே. உங்களுக்கு மிஞ்சுவது 10 முதல் 14 வரை, ஐந்து. எட்டு என்று நினைத்துத் திட்டமிட்டவருக்கு இங்கேயே மூன்று குறையும்.

இதற்கான மாஸ்க் 255.255.255.248. பழக்கதோஷத்தில் 255.255.255.0 என்று தட்டினால் ரௌட்டர் 203.0.113.0 முதல் 255 வரை எல்லாரும் பக்கத்து அறையில் இருப்பதாக நம்பிவிடும். அந்த முகவரிகளுக்குப் போக வேண்டியதைக் கேட்வேயிடம் தராமல், கம்பியிலேயே ‘நீ எங்கே’ என்று கூவிக்கொண்டிருக்கும். மற்ற எல்லாத் தளமும் திறக்கும். அந்த எண்வரிசையில் இருக்கும் இன்னொரு வாடிக்கையாளரின் சர்வர் மட்டும் கிடைக்காது. வலை சுருங்கும்படி மாஸ்க் போட்டால் வேறு கதை: 203.0.113.13க்கு 255.255.255.252 என்றால் கேட்வே அந்த வட்டத்துக்கு வெளியே விழும். ரௌட்டர் சேமிக்கவே மறுக்கும், அல்லது சேமித்துவிட்டு எங்கும் போகாது.

இரண்டு பெட்டியிலும் ஒரே 192.168.1

பொது முகவரி வாங்காத வீடுகளில் அதிகம் காணப்படுவது இதுதான். நடுப்பெட்டி 192.168.1.254, உங்கள் ரௌட்டர் 192.168.1.1, இரண்டுக்கும் மாஸ்க் 255.255.255.0. எண் வேறாயிற்றே என்று தோன்றும். ஆனால் வலை ஒன்றே. ரௌட்டரின் இரு பக்கமும் ஒரே வலை என்றால் 192.168.1.254 எந்தப் பக்கம் என்று அதற்கு எப்படித் தெரியும்? சில ரௌட்டர்கள் இதைக் கண்டுபிடித்துத் தாமாகவே உள்பக்கத்தை மாற்றிவிடும். மற்றவை வைஃபை முழுதாகக் காட்டிக்கொண்டு இணையம் தராமல் நிற்கும்.

உள்பக்கத்தை 192.168.50.1 போல வேறாக வையுங்கள். மூன்றாம் எண்ணாக 0, 1 இரண்டையும் தவிர்ப்பது நல்லது. விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு வலைக்குள் வரும் பாதுகாப்பான பாதை) வழியாக வீட்டுக்குள் வரும்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடமும் அதே எண்ணாக இருந்தால் வீட்டு பிரிண்டர் தெரியாது. மாற்றிச் சேமித்ததும் பக்கம் உறைந்துபோவது பழுதல்ல. கம்பியைக் கழற்றி மறுபடி செருகி, புதிய முகவரியில் நுழையுங்கள்.

அடுத்து, நடுப்பெட்டி உங்கள் ரௌட்டருக்குத் தரும் முகவரியை நிலையாக்க வேண்டும். நடுப்பெட்டி டிஎச்சிபியில் 100 முதல் 200 வரை கொடுக்கிறது என்றால் ரௌட்டருக்கு 192.168.1.150 வைக்காதீர்கள். இன்று ஓடும், ஒரு நாள் விருந்தினர் கைபேசிக்கும் அதே எண் போகும், இரண்டும் மாறி மாறி விழும். 192.168.1.2 போல வரம்புக்கு வெளியே எடுங்கள்.

டிஎம்இசட், போர்ட் திறப்பு, பிரிட்ஜ்

‘டபுள் நாட்’ (இரண்டு பெட்டியும் நாட் செய்வது) என்பதே குற்றமில்லை. யூடியூப் பார்ப்பவருக்கும் வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் அது தெரியக்கூடத் தெரியாது. விளையாட்டுக் கன்சோல் ‘ஸ்ட்ரிக்ட்’ என்று முறைக்கும்போதும், வெளியிலிருந்து உள்ளே வரும்போதும்தான் உறுத்தும். உங்கள் ரௌட்டரில் போர்ட் (வெளியிலிருந்து வருவதற்கான எண்ணிட்ட வாசல்) திறந்தால் மட்டும் போதாது. முன்னால் நடுப்பெட்டியின் கதவு மூடியிருக்கிறது. ஒன்று, நடுப்பெட்டியில் டிஎம்இசட்டை (வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே கருவிக்கு அனுப்பும் அமைப்பு) 192.168.1.2க்குத் திருப்புங்கள். முகவரியை நிலையாக்கச் சொன்னது இதற்காகத்தான்: மின்தடைக்குப் பிறகு ரௌட்டருக்கு வேறு எண் வந்தால் டிஎம்இசட் ஆளில்லாத வீட்டுக்குக் கடிதம் அனுப்பிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, பிரிட்ஜ் மோட்: நடுப்பெட்டியின் ரௌட்டர் வேலையை நிறுத்திவிடுவது. சுத்தமான வழி, ஆனால் மூன்று இடத்தில் கால் தடுக்கும். நடுப்பெட்டி வழியாக வரும் வீட்டுத் தொலைபேசியும் டிவி பெட்டியும் நின்றுபோகலாம். டிவி பெரும்பாலும் தனி விஎல்ஏஎன்னில் (ஒரே கம்பிக்குள் எண்ணிட்டுப் பிரித்த வலை) வருகிறது, அந்த எண்ணை உங்கள் ரௌட்டரும் கையாள வேண்டும். அடுத்து, நிறுவனம் முதலில் பார்த்த கருவியின் மேக் முகவரியை (கருவியின் சொந்த அடையாள எண்) நினைவில் வைத்திருக்கும். புது ரௌட்டரைச் செருகியும் ஐபி வராவிட்டால் நடுப்பெட்டியைப் பத்து நிமிடம் அணைத்து வையுங்கள். அல்லது பழைய மேக் எண்ணைப் புது ரௌட்டருக்கு நகலெடுங்கள். கடைசியாக, நடுப்பெட்டியின் வைஃபை நின்றுவிடும். அதை நம்பி ஓடும் கேமராவோ ஏர்கானோ இருந்தால் முன்கூட்டியே புது ரௌட்டருக்கு மாற்றிவிடுங்கள்.

கேமராவின் போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைப்பதை விட ரௌட்டரில் வயர்கார்ட் விபிஎன் ஒன்றை இயக்கி, அதன் யுடிபி 51820 போர்ட்டை மட்டும் திறப்பது எவ்வளவோ மேல்.

திறந்ததைச் சோதிப்பதிலும் ஒரு தவறு. வீட்டு வைஃபையிலிருந்தே சொந்தப் பொது முகவரியைத் திறந்து பார்த்து ‘வரவில்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளேயிருந்து வெளியே போய் உள்ளே திரும்புவதைப் பல ரௌட்டர்கள் அனுமதிப்பதில்லை. கைபேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

கம்பி எந்த ஓட்டையில்

நடுப்பெட்டியிலிருந்து வரும் கம்பியை ரௌட்டரின் வேன் போர்ட்டுக்குப் பதில் லேன் (வீட்டுக் கருவிகளுக்கான) போர்ட்டில் செருகினால் ஒரே வலையில் இரண்டு டிஎச்சிபி சர்வர்கள். யார் முந்துகிறாரோ அவர் முகவரி. பாதிக் கருவிகள் ஓடும், பாதி ஓடாது. வைஃபைக்கு மட்டுமே ரௌட்டர் தேவையென்றால், உதாரணமாக வீவக வீட்டில் நடுப்பெட்டி பாம் ஷெல்டரின் கான்கிரீட்டுக்கும் இரும்புக் கதவுக்கும் பின்னால் கிடந்தால், அக்சஸ் பாயின்ட் மோடுக்கு (வைஃபை மட்டும் தரும் நிலை) மாற்றுவதே சரி. டபுள் நாட்டும் போய்விடும்.

உள்ளே இருக்கும் கருவிகள்

பிரிண்டர், என்ஏஎஸ் (வலையில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி), கேமரா ஒவ்வொன்றிலும் போய் எண் தட்டுவது வேண்டாத வேலை. ரௌட்டரிலேயே மேக் முகவரிக்கு இன்ன எண் என்று ஒதுக்கிவிட்டால் நாளை வலை எண்ணை மாற்றினாலும் ஒரே இடத்தில் திருத்தலாம். கைபேசிக்கு ஒதுக்கும்போது கவனம்: ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 10 முதல் கைபேசிகள் வைஃபைக்குப் பொய் மேக் எண்ணைத்தான் காட்டுகின்றன. உங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை அணைத்துவிட்டு ஒதுக்குங்கள்.

புதிய முகவரி முறையான ஐபிவி6க்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. அங்கே நாட் இல்லை. நடுப்பெட்டி ஒரே ஒரு /64 (ஒரு வலைக்கான முகவரித் தொகுதி) மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் தராவிட்டால் உங்கள் ரௌட்டருக்குப் பின்னால் ஐபிவி6 வராது. வராவிட்டால் பெரிய நஷ்டமில்லை. வந்தால், ரௌட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் இயங்குகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கருவிக்கும் நேரடிப் பொது முகவரி கிடைத்திருக்கும்.

எதை மாற்றும் முன்பும் இரண்டு பெட்டிகளின் அமைப்பையும் கோப்பாகச் சேமித்து, லேப்டாப்பில் வையுங்கள். கிளவுடில் வைத்தால், இணையம் படுத்த நேரத்தில் எடுக்க முடியாது.