கீவேர்டு வால்யூம் பாக்குறப்ப பலரும் பண்ற தப்புங்க

ஒரு விஷயத்த எத்தன பேர் கூகுள்ல தேடுறாங்கன்னு (இதத்தான் கீவேர்டு வால்யூம்னு சொல்றது) பாத்துட்டு எழுதுறது, வீடியோ போடுறதெல்லாம் நல்ல பழக்கம்தான், ஆனா டூல்ல வர்ற நம்பர தலைய எண்ணி எடுத்த கணக்கு மாதிரி நம்பிடுறாங்க பாருங்க, அங்கதான் கோணலாகுது. ஒண்ணு ரவுண்டு பண்ண நம்பர், இல்ல எதோடயோ ஒப்பிட்டுப் போட்டது, இல்லன்னா வெறும் உத்தேசம். இதுல எது நம்ம கையில இருக்குன்னு தெரியாமலே முடிவெடுக்குறதுதான் பாதி தப்புக்குக் காரணம்.

ரொம்பப் பழைய தப்ப மொதல்ல தள்ளி வச்சிடலாம். தேடுனதும் கூகுள் "சுமார் இத்தன லட்சம் முடிவுகள்"னு மேல ஒண்ணு காட்டிட்டு இருந்துச்சுல்ல, அது பக்கங்களோட கணக்கு, தேடுன ஆளுங்க கணக்கு இல்ல. இத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து "பாருங்க சார் எவ்ளோ டிமாண்டு"ன்னு கிளையண்ட்டுக்கு அனுப்புறவங்க இன்னமும் இருக்காங்க.

அடுத்தது கூகுள் ட்ரெண்ட்ஸ், ஒரு வார்த்தைய தேடுறது எப்ப ஏறுது எப்ப இறங்குதுன்னு காட்டுற கூகுளோட டூல். அதுல வர்ற 100ங்கறது 100 பேரும் இல்ல, 100 சதவீதமும் இல்ல, நீங்க எடுத்த காலத்துல, எடுத்த ஊர்ல, அந்த வார்த்தை உச்சத்துல இருந்த நேரம் எதுவோ அதுக்குத்தான் 100 குடுத்து மத்தத அதோட ஒப்பிட்டு கீழ இறக்கிப் போடுறான். அதனால ஒரு டேப்ல "பிரியாணி", இன்னொரு டேப்ல "பருப்பு துவையல்"னு தனித்தனியா போட்டுப் பாத்தா ரெண்டுலயும் உச்சம் 100தான் வரும், அத வச்சு ரெண்டும் சமம்னு சொன்னா சிரிப்பாங்க. ஒரே சார்ட்ல சேத்துப் போடுங்க. அப்புறம் 0ன்னு வந்தா யாருமே தேடலன்னு அர்த்தமில்ல, காட்டுற அளவுக்கு டேட்டா இல்ல, அவ்ளோதான்.

சதவீதத்துல ஏமாறுறது இதோட அண்ணன். 2016 ஜூன்ல பிரிட்டன்ல ஐரோப்பிய யூனியன்ல இருக்கலாமா வேணாமான்னு ஓட்டுப்பதிவு முடிஞ்ச ராத்திரி, "வெளிய போனா என்ன ஆகும்"ங்கற தேடல் 250 சதவீதம் ஏறிடுச்சுன்னு கூகுள் ட்ரெண்ட்ஸ் பதிவு போட, ஓட்டப் போட்டுட்டுதான் இவங்க தேடவே செய்றாங்கன்னு உலகம் பூரா நியூஸ் ஓடுச்சு. எத்தன பேர்ல இருந்து எத்தன பேருக்கு ஏறுச்சு? அது அந்த சதவீதத்துல இல்லவே இல்ல. 40 பேர் தேடுனது 140 ஆனாலும் ஏத்தம் 250 சதவீதம்தான்.

நம்பராவே வேணும்னா, கூகுள்ல விளம்பரம் போடுறதுக்கான கூகுள் ஆட்ஸ்க்குள்ள இருக்குற கீவேர்டு பிளானருக்குத்தான் போவோம். விளம்பரத்துக்கு காசு செலவு பண்ணாத அக்கவுண்டுக்கு அது பெரும்பாலும் "1 ஆயிரம் – 10 ஆயிரம்"னு ரேஞ்ச் மட்டும்தான் காட்டும். இதுல நடுவுல 5,000னு ஒண்ண எடுத்து எக்செல்ல போட்டுக்கிறது சுத்த அபத்தம், 1,100ஆவும் இருக்கலாம் 9,500ஆவும் இருக்கலாம். இன்னொண்ணு, "காம்பெடிஷன்: லோ"ன்னு ஒரு கட்டம் இருக்கும், அத பாத்துட்டு ஈஸியா ரேங்க் ஆயிடலாம்னு குதிக்காதீங்க, அது விளம்பரம் போடுறவங்களுக்கு நடுவுல இருக்குற போட்டி. தேடல் முடிவுல மேல வர்றதுக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது.

பிளானர் காட்டுறது வழக்கமா 12 மாச சராசரிங்கறதயும் மறந்துடுறாங்க. ஒரு பேச்சுக்கு, மார்கழி கோலத்துக்கு வருஷம் 24,000 தேடல், அதுல 20,000 டிசம்பர் ஜனவரிலயே வந்துடுதுன்னு வச்சுக்கோங்க, பிளானர் சொல்றது மாசம் 2,000. அத நம்பி ஜூன்ல போஸ்ட் போட்டுட்டு ஆளே வரலன்னு பொலம்புனா யார் என்ன பண்ண முடியும், மாசவாரி சார்ட்ட தொறந்து பாத்துட்டு நவம்பர்லயே போட்டு வச்சிருக்கணும்.

நம்ம ஆளுங்க விஷயத்துல பெரிய ஓட்டையே ஸ்பெல்லிங்தான். சாம்பார் வைக்கிறது எப்படின்னு தமிழ்லயும் அடிப்பாங்க, அதையே இங்கிலீஷ் எழுத்துல நாலு விதமாவும் அடிப்பாங்க, சாம்பார் ரெசிபின்னு முழு இங்கிலீஷ்லயும் அடிப்பாங்க. தமிழ் எழுத்துல மட்டும் பாத்துட்டு "தமிழ்ல தேடுற ஆளே இல்லப்பா"ன்னு மூட்டைய கட்டுறது ரொம்ப நாளா நடக்குது. ட்ரெண்ட்ஸ் ஸ்பெல்லிங் மாறுனா தனித்தனியாத்தான் எண்ணும், நடுவுல ப்ளஸ் குறி போட்டு நீங்கதான் சேக்கணும். பிளானர் நேர்மாறா, கிட்டத்தட்ட ஒண்ணா இருக்குற ஒருமை பன்மை, எழுத்துப்பிழையெல்லாம் பல நேரம் அதுவே சேத்துட்டு ரெண்டு வரியிலயும் ஒரே நம்பர போட்டுடும். அத நீங்க மறுபடி கூட்டுனா ரெட்டிப்பாயிடும், ரெண்டு வரிக்கும் 12 மாச நம்பரும் அச்சு அசலா ஒண்ணா வந்தா உஷாராகிக்கோங்க. லொகேஷன் செட்டிங்கையும் ஒரு தடவ பாருங்க, இந்தியான்னு மட்டும் வச்சிருந்தா சிங்கப்பூர், மலேசியா, இலங்கைல தேடுற தமிழாளுங்க கணக்குலயே வரமாட்டாங்க.

தேடல் இருந்தா க்ளிக் வரும்னும் கெடையாது. கிரிக்கெட் ஸ்கோரு, சென்னை வெதர் மாதிரி தேடலுக்கெல்லாம் பதில கூகுளே மேல போட்டுடுது, எவன் உள்ள வருவான்.

காசு கட்டி வாங்குற டூல்லயும் நம்பர் மாடலிங் பண்ண உத்தேசம்தான், ஒரே வார்த்தைக்கு ரெண்டு டூல் ரெண்டு நம்பர் சொல்லும். ஒரு டூலுக்குள்ள எது பெருசு எது சின்னதுன்னு பாக்கலாம், இந்த டூல் நம்பர அந்த டூல் நம்பரோட மோத விடாதீங்க.

கடைசியா, வால்யூம் 0ன்னு வந்தா தூக்கிப் போடாதீங்க. தெனமும் வர்ற தேடல்ல சுமார் 15 சதவீதம் இதுக்கு முன்னாடி பாக்காத புதுசுன்னு கூகுளே சொல்லியிருக்கு, அதெல்லாம் எந்த டூல்லயும் இருக்காது. உங்களுக்கு சைட் இருந்தா, அது கூகுள் தேடல்ல எப்படி வருதுன்னு காட்டுற சர்ச் கன்சோல்ல 16 மாச டேட்டா இருக்கும், ரொம்ப கம்மி பேர் தேடுனத அது மறைச்சிடும், உங்க பக்கம் முடிவுல வந்த தேடல் மட்டும்தான் தெரியும், ஆனாலும் இருக்குறதுலயே உண்மைக்கு கிட்ட இருக்குறது அதுதான். அதுல இம்ப்ரெஷன் (முடிவுல உங்க பக்கம் எத்தன தடவ வந்துச்சுங்கறது) நல்லா வந்துட்டு க்ளிக் மட்டும் வராத வார்த்தைங்க எதுன்னு பாருங்க, பல நேரம் உங்க போஸ்ட் தேடல் முடிவோட ரெண்டாவது மூணாவது பக்கத்துல கெடக்கும், அடுத்த போஸ்ட்ட அதுல இருந்து ஆரம்பிங்க.