கடலோரப் பட்டா நிலத்தை அறக்கட்டளை பேரில் வாங்கும்போது

இயற்கையைக் காத்து, பொதுமக்கள் வந்துபோக விடுவதற்காகக் கடலோர நிலத்தை வாங்க நினைக்கும் அறக்கட்டளைகளுக்கு இந்தக் குறிப்பு. அமெரிக்காவில் இப்படிப்பட்ட நில அறக்கட்டளைகள் பல இடங்களில் நிலத்தை வாங்குவதே இல்லை. "இங்கே கட்டடம் கட்டக் கூடாது" என்று தடுக்கும் உரிமையை மட்டும் உரிமையாளரிடம் எழுதி வாங்கிக்கொள்கின்றன. நம் ஊரில் அது செல்லாது. 1882-ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டப்படி அப்படியொரு உரிமை பக்கத்து நிலத்தின் அனுபவத்துக்காகத்தான் இருக்க முடியும், ஓர் அமைப்பின் பேரில் தனியாக நிற்காது. ஆகவே தமிழ்நாட்டில் முழுக் கிரயம்தான் நம்பகமான வழி.

கிரயப் பத்திரத்தில் "இந்த நிலத்தை எக்காலத்திலும் விற்கக் கூடாது" என்று எழுதிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 10-வது பிரிவுப்படி வாங்குபவர் மீது போடும் முழுத்தடை செல்லாது. அந்தக் கட்டுப்பாடு அறக்கட்டளைப் பத்திரத்தில் இருக்க வேண்டும். இயற்கைப் பாதுகாப்பு, பொதுமக்கள் இலவசமாக வந்துபோவது, அசையாச் சொத்து வாங்கும் அதிகாரம் ஆகிய மூன்றையும் நோக்கங்களில் தெளிவாக எழுதுங்கள். 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் அறக்கட்டளைக்கும் உண்டு. பெரிய பரப்பு வாங்குவதானால் வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது அளவை. அதிகம் பணம் போவது இங்கேதான். பட்டாவில் 2 ஏக்கர் 20 சென்ட் என்றிருக்கும். அந்தச் சர்வே எண்ணின் அளவு வரைபடமான புலப்படத்தை எடுத்துக்கொண்டு சர்வேயரோடு போனால் சாலைப் பக்கம் இரண்டு எல்லைக் கல் கிடைக்கும், பனங்காட்டு ஓரம் ஒன்று மணலுக்குள் கிடக்கும். கடல் பக்கத்துக் கல் மட்டும் இருக்காது. புலப்படத்து ஜி-லைன் (நிலத்தின் குறுக்கே போகும் அளவுக் கோடு) அளவை வைத்து அந்த இடத்தைக் குறித்தால் அது அலைக்குள் விழும். கடல் தின்ற சென்டுக்கும் பட்டா அப்படியே இருக்கும், விற்பவர் அதற்கும் சேர்த்தே விலை சொல்வார். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு, கரை குறுகியிருக்கும்போது அளந்து, அளந்த பரப்புக்கு மட்டும் சென்ட் கணக்கில் பேசுங்கள். இதற்கு நேர் எதிரான ஏமாற்று வேலையும் உண்டு. பட்டா எல்லைக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள மணல்வெளி புறம்போக்காக இருக்கும், அதையும் "நம்ம இடம்தான்" என்று சுட்டிக்காட்டுவார்கள்.

30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், வாரிசுச் சான்று, கூட்டுப் பட்டாவானால் எல்லோருடைய கையெழுத்து: இவை வழக்கமான சோதனைதான். கடலோரத்தில் கூடுதலாக, கிராமத்தின் எல்லாச் சர்வே எண்களும் வகையோடு பதிந்திருக்கும் அ-பதிவேட்டையும் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் பாருங்கள். பஞ்சமி நிலமோ, கோயில் நிலமோ, நிபந்தனையோடு அரசு ஒப்படைத்த பட்டாவோ என்பது வில்லங்கத்தில் தெரியாது, அங்கேதான் தெரியும். பஞ்சமி என்று தெரிந்தால் விலகிவிடுங்கள். அது பட்டியல் சாதியினருக்கு உரியது, நல்ல நோக்கம் சொல்லி அதை வாங்க முடியாது.

விலைக்கு முன்னால் கடற்கரை மண்டல வரைபடம். உயர் அலைக்கோட்டிலிருந்து, அதாவது ஏற்றத்தில் கடல் எட்டும் உச்ச எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். அதில் ஊராட்சிப் பகுதிகளில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது. மத்திய அரசின் 2019 கடற்கரை மண்டல அறிவிக்கையில், சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசிக்கும் பகுதிகளுக்கு அது 50 மீட்டர். சர்வே எண் பதிந்த 1:4000 அளவு வரைபடத்தில் உங்கள் நிலத்தில் எத்தனை சென்ட் கட்டடம் கூடாத பகுதிக்குள் விழுகிறது என்று பார்த்து, ரிசார்ட் விலை சொல்லும் உரிமையாளர் முன் அதை விரித்து வையுங்கள். பேச்சு வேறு மாதிரி நடக்கும். வழிகாட்டி மதிப்பு, கிரயத் தொகை இரண்டில் எது அதிகமோ அதற்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று கணக்கு வையுங்கள். நன்கொடை திரட்ட அவகாசம் வேண்டும் என்பதால் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, காலத்தை நீளமாகவும் முன்பணத்தைச் சிறிதாகவும் வாங்கிக்கொள்வது நல்லது.

முன்பணம் கொடுப்பதற்கு முன் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தில் போய் உட்காருங்கள். கரைவலை எங்கே இழுக்கிறார்கள், வலையை எங்கே காய வைக்கிறார்கள், படகை ஏற்றும் டிராக்டர் எந்த வழியாக வருகிறது என்று கேட்டு வரைபடத்தில் குறியுங்கள். அந்த வழியை 12 அடிக்குக் குறையாமல் விட்டு, அறங்காவலர் தீர்மானமாகவே பதிவு செய்யுங்கள். வேலி போட்ட மறுநாள் சண்டை வருவது பெரும்பாலும் இந்த ஒரு பாதையால்தான். பாதுகாப்பு என்ற பெயரில் மீனவரைத் தள்ளி வைக்கும் அறக்கட்டளைக்கும் ரிசார்ட்டுக்கும் ஊர்க்காரர்கள் வித்தியாசம் பார்க்க மாட்டார்கள், பார்க்க வேண்டியதும் இல்லை.

பட்டா மாற்றி உட்பிரிவு முடிந்ததும் வண்டி நிறுத்தம், கழிப்பறை எல்லாம் சாலைப் பக்கம். கழிப்பறைக்கும் கடற்கரை மண்டல அனுமதி தேவையா என்று முதலிலேயே எழுதிக் கேளுங்கள். மணல்மேட்டைத் தாண்ட ஒரே ஒரு நடைபாதை, இரு பக்கமும் கம்பு நட்டுக் கயிறு கட்டினால் போதும். நாலு இடத்தில் மிதித்தால் மேடு அங்கங்கே உடைந்து, காற்று மணலை உள்ளே கொண்டுவரும். வெற்று மணலில் அடம்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் நட்டால் மணலைப் பிடித்துக்கொள்ளும். சவுக்கு வேண்டாம். கரை வரை சவுக்கு நெருக்கமாக நின்றால் பங்குனி ஆமைக்கு முட்டையிட இடம் இருக்காது. ஜனவரி முதல் கடைசிக் குஞ்சு இறங்கும் வரை கடலைப் பார்த்து எந்த விளக்கும் எரியக் கூடாது, காவலர் கையில் உள்ள டார்ச்சும் சேர்த்து.